மச்சுக்கு எந்தப் பக்கம் படி?

மேல்சித்தாமூரில் அப்பாண்டைநாதன் வீட்டு மச்சு, இத்தனை காலமும் வேர்க்கடலை மூட்டைகளுக்கும் ஓட்டைப் பித்தளைப் பாத்திரங்களுக்குமே இருப்பிடமாக இருந்தது. ஓட்டுக்கூரைக்குக் கீழே பலகை பாவிய அந்த இடத்தை இப்பொழுது ஓர் அறையாக மாற்ற வேண்டும். கணவரை இழந்த அவருடைய அக்காள் ஜீவரத்தினம், இனித் தம்பி வீட்டிலேயே வந்து தங்கப்போகிறார்.

செஞ்சியிலிருந்து வந்த கோதண்டராமன் மேஸ்திரி எல்லாவற்றையும் அளந்தார். சன்னல் எந்தப் பக்கம், ஓட்டுச் சூட்டை எப்படித் தணிப்பது என்றெல்லாம் பேசியாயிற்று. படிக்கட்டில்தான் சிக்கல். கூடத்துக்குள் வைத்தால், மகள் பிரம்மியின் படிப்பு மேசை இருக்கும் மூலை போய்விடும். அவளுக்கென்று வந்த முதல் மேசை அது. ஆகவே கொல்லைப்புறம் படி வைத்து, மச்சுக்குத் தனிக்கதவு போடலாம் என்றார் அப்பாண்டைநாதன். பிரம்மிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அத்தையின் அறை எப்படியிருக்கும் என்று பார்க்க அவளுக்கு ஆசை. மாலையில், சோற்றுத் தூக்கோடு கொல்லை ஏணி வழியாக மச்சுக்கு ஏறினாள்.

சமணக் குடும்பமான அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் உண்டுவிடுவார்கள். இருட்டிய பின் யாரும் உண்பதில்லை. கீழே தட்டு வைக்கும் ஓசை கேட்டது. தம்பி அஜிதன் ஏதோ சொன்னான், அம்மா சிரித்தாள். என்ன சொன்னான் என்று மேலே விளங்கவில்லை. பிரம்மிக்கு ஒரு கவளமும் இறங்கவில்லை. வெளிச்சம் மங்கிற்று. அவள் மேலே இருப்பதை மறந்து, அம்மா கொல்லைக் கதவைத் தாழிட்டாள்.

பிரம்மி இறங்கி வந்து கதவைத் தட்டினாள்.

"இன்னாடி, சோறு அப்படியே இருக்குது?" என்றாள் அம்மா.

பிரம்மி நேரே தந்தையிடம் சென்றாள்.

"நைனா, படியை உள்ளாரயே வைங்க."

"உன் மேசை?"

"அத்தை சரின்னா மேல அவங்ககூட போட்டுக்கறேன். இல்லாட்டி தரையில குந்திப் படிக்கறேன்."

"தூங்கி வழிஞ்சு படியில உருண்டு வருவா, பாருங்க" என்றான் அஜிதன்.

பிரம்மி அவன் பக்கம் திரும்பவே இல்லை. "வெளிய படி வச்சா, அத்தை நம்ம வூட்டுக்கு வரணும்னாலும் கதவைத் தட்டணும், நைனா."

தனிக்கதவு இருந்தால் அக்காளுக்கும் இடைஞ்சல் இராது என்றே அப்பாண்டைநாதன் எண்ணியிருந்தார். பிறகு எழுந்து, மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையைப் பிரம்மி பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, காலியாயிருந்த அந்த மூலையில் மேஸ்திரி சுண்ணாம்புக் கட்டியால் முதற்படியைக் குறித்தார்.