முதல் துணி

வலது தோளிலிருந்து முழங்கை வரை முத்தம்மாளுக்கு எரிந்தது. விடியற்காலை ஆறு மணியிலிருந்து மில்லில் நூல் கட்டு சுமந்த தோள். மதியச் சங்கு ஊதியபின் முத்தியால்பேட்டைச் சந்துக்கு நடந்து வந்து, கதவைச் சாத்தி, வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

குழந்தை அழுதது.

பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியின் குழந்தை, பிறந்து பதினாறு நாள். நடுவில் ஒரே சுவர், அழுகை கேட்பது புதிதில்லை. ஆனால் இந்த அழுகை முடியும்போது இரண்டு தரம் விக்கியது. அப்படி அழுதவன் அவள் மகன் இருசப்பன் மட்டும்தான். அவனை அம்மை கொண்டுபோய் நாலு மாதம் ஆகிறது.

அவள் மார்பில் பால் வற்றிய மாதத்தில்தான் ஆதிலட்சுமியின் வயிறு முந்தானைக்கு மேல் எடுப்பாகத் தெரிந்தது. ஒரு சுமை தூக்காத உடம்பு. புருஷன் சாமிக்கண்ணு பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்து பென்சனோடு திரும்பியவன். ஆதிலட்சுமி வயிற்றைத் தடவிக்கொண்டு சந்தில் நடக்கும்போதெல்லாம் முத்தம்மாளுக்கு நெஞ்சில் மிளகாய் அரைத்தது.

ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சாமிக்கண்ணு சொன்னான்: "சப்பான்காரன் சீனாவுல ஒரு ஊருக்கு ஏரோப்ளேன்ல வந்து குண்டு போடலக்கா. கோதுமையைக் கொட்டிட்டுப் போனான். அதுக்குள்ள பிளேக்கு தெள்ளுப்பூச்சி. கொஞ்ச நாள்ல வீட்டுக்கு வீடு பொணம். அதுக்கும் ரொம்ப முந்தி, வெள்ளக்காரன் ஒரு நாட்டுல காட்டு ஜனத்துக்கு அம்மை கண்டவன் போத்தின கம்பளியைப் பரிசுன்னு குடுத்தானாம்."

"கம்பளி எங்கியாச்சும் ஆளக் கொல்லுமா? கத உடாத."

"துப்பாக்கின்னா சத்தத்துக்கு ஓடுவான். கம்பளியப் பாத்து எவன் ஓடுவான்?"

அந்தச் சொல் அவளுக்குள் தங்கிவிட்டது.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். வேறு வீட்டில் உடுத்திப் பழகிய துணியைக் கேட்டு வாங்கித்தான் முதலில் சுற்றுவார்கள். நிறைமாதத்தில் ஆதிலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒம் பழம்பொடவையில ஒரு துண்டு குடேன். ஒங்கிட்ட கேக்கக் கூடாதுன்னுதான் எல்லாம் சொல்லுது. எனக்கு அதெல்லாம் கெடையாது."

அந்தப் பெருந்தன்மையைத்தான் முத்தம்மாளால் தாங்க முடியவில்லை. இருசப்பன் கடைசியாகப் படுத்த துணி, அவனோடு புதைத்திருக்க வேண்டியது, வாசனைக்காக அவள் தகரப்பெட்டியில் ஒளித்து வைத்தது. அதை எடுத்து நீட்டினாள்.

"தொவச்சதாக்கா?"

"தொவச்சதுதான்."

மூன்று நாளாகப் பக்கத்து வாசல் நிலையில் வேப்பிலை தொங்குகிறது. போய்ச் சொல்லியிருக்கலாம். துணியைப் பிடுங்கியிருக்கலாம். தினமும் குனிந்தபடி அந்த வாசலைத் தாண்டி மில்லுக்குப் போனாள்.

மறுபடி அழுகை. இரண்டு விக்கல்.

சுவரில் காதை வைத்தாள். சுவர் சில்லென்றிருந்தது. அந்தப் பக்கம் சத்தம் ஒன்றுமில்லை. வேப்பிலை வாடை, அதற்கடியில் காய்ந்த சீழின் வாடை. தன் வீட்டுக்குள். தலைக்குமேல் உத்தரத்தில், நாலு மாதமாகச் சுருட்டிக் கட்டியிருந்த தூளி.

அவிழ்ந்து தொங்கியது.

கதவைத் தட்டினார்கள். ஆதிலட்சுமி. நெற்றியில் மூன்று சிவந்த முத்து. ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. கையில் மடிப்புக் கலையாத புதுத்துணி.

"கொழந்த போயிடுச்சுக்கா. ஒந் துணியிலயே சுத்திதான் பொதைக்கக் குடுத்தனுப்புனேன். மொதத் துணி குடுத்தவங்களுக்குப் புதுத்துணி குடுத்துடணும்னு எங்கம்மா சொல்லும். கடன் வெக்கக் கூடாதாம். வாங்கிக்க."

"எப்ப?" முத்தம்மாள் கேட்டாள். "எப்ப போச்சு?"

"நீ மில்லுக்குப் போன கொஞ்ச நேரத்துல."

புதுத்துணி கைக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் கயிறு கிறீச்சிட்டது.

அழுகை.

ஆதிலட்சுமி தலையை நிமிர்த்தினாள். வீங்கிய கண் அகலத் திறந்தது. "அக்கா, உள்ள யாரு அழுவுறது?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே வந்தாள். தூளியை விரித்துக் குனிந்தாள். எடுத்தாள். அதே துணி. ஈரமண் ஒட்டிய துணி. உள்ளே எதுவோ காலை உதைத்தது. ரவிக்கையைத் தளர்த்திக்கொண்டே முத்தம்மாளைப் பார்த்துச் சிரித்தாள். ஆதிலட்சுமியின் கழுத்திலும் முத்துகள் எழும்பிக்கொண்டிருந்தன.

ஆதிலட்சுமி துணிக்கடனைத் தீர்த்துவிட்டாள். முத்தம்மாள் அவளுக்குத் தரவேண்டியது ஒரு பிள்ளை.