ஷைனியின் பச்சை விளக்கு

காலடிப்பேட்டையில் துப்பறியும் செங்கொடியிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கணவனையோ மனைவியையோ பின்தொடரச் சொல்வார்கள். ராயபுரம் அருள்பிரகாசமோ ஒரு செல்போனை மேசைமேல் வைத்து, இதில் விளக்கு ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பக்கத்திலேயே ரிப்பேர் கடை இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான் உதவியாளன் டில்லிபாபு. செங்கொடி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அருள்பிரகாசம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டில் எந்நேரமும் போனும் கையுமாக இருந்தவர், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு அதைத்தான் விட்டார். மைத்துனன் ஜெரி சத்தத்தை நிறுத்தி, போன் முகப்பிலிருந்த சின்ன விளக்கை நிறம் பிரித்துக் கொடுத்தான். வேலூரில் நர்சிங் படிக்கும் மகள் ஷைனி கூப்பிட்டால் பச்சை, கம்பெனி ஆட்கள் கூப்பிட்டால் சிவப்பு. மற்றவர்களுக்கு விளக்கே கிடையாது. போன் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கும். மின்னினால் மட்டும் எடுப்பார். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

போன வெள்ளிக்கிழமை, மனைவி ஃப்ளோரன்ஸ் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்த நேரம், ஷைனியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயந்துபோன பெண் அப்பாவைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் பீடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பச்சை தெரியவே இல்லை.

"கொஞ்சம் முன்னாடிதாம்மா கம்பெனி போன எடுத்துப் பேசினேன். அதயும் அவகிட்ட சொல்லித் தொலைச்சேன். 'கம்பெனி லைட்டு தெரியுது, என் லைட்டு தெரியலியா'ன்னா. ஒடம்பு தேறிடுச்சு, ஆனா எங்கிட்ட பேச மாட்றா. ஈஸ்டருக்கும் வூட்டுக்கு வர மாட்டாளாம்."

டில்லிபாபுவுக்கு ஜெரி மேல்தான் சந்தேகம். தன் நம்பரைப் பச்சையில் சேர்த்து அங்கேயே கூப்பிட்டுப் பார்த்தான். பச்சை பளிச்சென்று மின்னியது. அவன் முகம்தான் வாடிப்போனது.

மாலையில் ராயபுரம் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். பீடத்துச் சுரூபங்களின் மேல் அடர்ந்த ஊதாத் துணி தொங்கியது. தவக்காலக் கடைசியில் கோயிலில் செய்வதுபோல, அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிறன்று ஃப்ளோரன்ஸ் மூடியது. ஈஸ்டர் வரை எடுக்க மாட்டாளாம். போனை வழக்கமான இடத்தில் வைக்கச் சொன்னாள் செங்கொடி. அருள்பிரகாசம் துணியை விலக்கி உள்ளே வைத்தார். துணி போன்மேல் விழுந்தது. மறைக்காதா என்று கேட்டதற்கு, சிவப்பு நன்றாகவே தெரிகிறது என்றார்.

"ஜெரி, நீயும் அதே கம்பெனிதானே? கூப்புடு."

துணியின் ஊடே சிவப்பு மின்னியது. அடுத்து டில்லிபாபு கூப்பிட்டான். ஒன்றும் தெரியவில்லை. செங்கொடி துணியின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே பச்சை மின்னிக்கொண்டிருந்தது.

"ஊதாத் துணி சிவப்ப வெளிய வுட்டுரும், பச்சைய முழுங்கிரும்ணே. சிவப்பு தெரியவும், எல்லாமே தெரியும்னு நம்பிட்டீங்க. துணி போடறதுக்கு முன்னாடி ஷைனி லைட்டு உங்களுக்குத் தப்பவே இல்ல பாருங்க. இதுல யார் மேலயும் குத்தம் கெடையாது."

அருள்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையைக் கைவிட்டவன் என்ற பழியைச் சுமந்துகொண்டிருந்தவர் அல்லவா. ஜெரி எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்லி வீடியோ எடுத்து ஷைனிக்கு அனுப்பினான்.

"இப்ப நெறத்த மாத்து. ஷைனிக்குச் சிவப்பு, கம்பெனிக்குப் பச்சை," என்றாள் செங்கொடி.

"அப்ப ஈஸ்டர் வரைக்கும் கம்பெனி லைட்டு தெரியாதேக்கா," என்றான் டில்லிபாபு.

"தெரியாட்டி இன்னா இப்போ?" என்றாள் செங்கொடி. ஜெரி நிறத்தை மாற்றி, போனைத் திரும்பத் துணிக்குள் வைத்தான்.

ஃப்ளோரன்ஸ் டீ கொண்டுவந்தாள். யாரும் இன்னும் வாய் வைக்கவில்லை, துணிக்குள் சிவப்பு மின்னியது. பழக்கதோஷத்தில், கம்பெனியா என்று கேட்டான் ஜெரி. அருள்பிரகாசம் பாய்ந்து போனை எடுத்த வேகத்தில் துணியும் கையோடு வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முன்னாலேயே சுரூபம் திறந்து நின்றது. ஃப்ளோரன்ஸ் அந்தத் துணியை வாங்கி மடித்து வைத்தாள்.