கைதட்டல் திரும்பும் தூரம்

எதிரொலி சீக்கிரமாக வந்துவிட்டது.

அவள் மறுபடி கை தட்டிப் பார்த்தாள். குகை மண்டபத்தின் வாசலில், குளிர்ந்த கல்லின் மேல் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கைகளை லேசாகக் குவித்து ஒரே ஒரு தட்டு. ஓசை தூண்களுக்கு நடுவே ஓடியது, இருட்டில் எதன் மீதோ பட்டது, திரும்பியது. மண்டபம் கண்ணுக்குத் தெரிந்த நீளத்துக்கு அது இன்னும் சற்றுத் தாமதித்திருக்க வேண்டும். பாதி வழியிலேயே யாரோ மடக்கித் திருப்பி அனுப்பியதுபோல வந்து சேர்ந்தது.

இது அவளுடைய தொழில். தியேட்டர்களும் பெரிய அரங்குகளும் கட்டி முடிந்ததும், நாற்காலி போடுவதற்கு முன்பு அவளைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே ஓசை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, எந்தச் சுவரில் பஞ்சுப் பலகை அடிக்க வேண்டும், எங்கே திரை போட வேண்டும் என்று சொல்வாள். கருவிகள் பல உண்டு. ஆனாலும் முதல் வேலை கை தட்டுவதுதான். ஓசை வழியில் எங்கும் நின்று இளைப்பாறாது. போகிற வேகத்திலேயே திரும்பி வரும். அதனால் அது போய்வர எடுக்கும் நேரமே சுவரின் தூரம். நேரம் கூடினால் சுவர் தள்ளி இருக்கிறது. குறைந்தால் பக்கத்தில் இருக்கிறது. கண் ஏமாறும், அளவு நாடாகூடத் தொய்ந்துபோகும், இந்தக் கணக்கு மட்டும் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பயணம் போகிற கோயில்களிலும் இந்தப் பழக்கம் அவளை விடவில்லை. அவள் கணவர் பள்ளியில் ஓவிய ஆசிரியர். கைதட்டி என்றுதான் அவளைக் கூப்பிடுவார். அன்று காலை பக்கத்துக் குன்றில், பாறையைக் குடைந்து செய்த சிவன் கோயிலில் அவள் தட்டியபோதுகூட, "என்ன கைதட்டி, சிவன் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"சுவர் எங்க இருக்குன்னு சொன்னார். உங்கள மாதிரியா? கேட்டவுடனே பதில் சொல்றார்."

அவர் அவளுடைய உதட்டைப் பார்த்து அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சில வருடங்களாக அவருக்குக் காது கேட்பதில்லை. காது மிஷின் உண்டு. ஆனால் கல் கட்டடங்களுக்குள் நுழையும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மிஷினுக்கு எந்த ஓசை வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெரிதாக்கும். எதிரொலியும் சேர்ந்துகொண்டால் தலைக்குள் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது மாதிரி இருக்குமாம். மிஷின் இல்லாதபோது அவருக்கு உதடுகள் போதும். உதடு தெரிய வெளிச்சம் வேண்டும். இருட்டில் அவரிடம் எதையும் சொல்ல முடியாது.

இப்போது அவர் இந்த மண்டபத்தின் கடைக்கோடியில் இருந்தார். புத்தரின் நினைவாகப் பாறையிலேயே செதுக்கிய பெரிய அரைக்கோளத் தூபி ஒன்று அங்கே இருந்தது. அதன் அடியில் ஒரு பேட்டரி விளக்கை வைத்து, அருகில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். வாசலிலிருந்து பார்த்தால் அந்த விளக்கு ஒரு மஞ்சள் புள்ளி.

அவளைக் குழப்பியது அந்தப் புள்ளிதான். வழியில் தடுப்புச் சுவரோ, திரையோ, சாரமோ இருந்தால் எதிரொலி சீக்கிரம் வரலாம். ஆனால் அப்படி ஒன்று இருந்தால் விளக்கு தெரியாது. விளக்கு தெரிகிறது. ஆகவே வழியில் ஒன்றும் இல்லை.

அவள் மூன்றாவது முறை தட்டினாள். இந்தத் தடவை நேரத்தை விட்டுவிட்டு, ஓசையின் குணத்தைக் கவனித்தாள். கல்லில் பட்டுத் திரும்பும் ஓசைக்கு ஒரு கூர்மை இருக்கும், நாணயம் சுண்டியதுபோல. துணியும் உடம்பும் அந்தக் கூர்மையைத் தின்றுவிடும். அதனால்தான் காலி அரங்கு கணீரென்று ஒலிக்கிறது, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் மந்தமாகிவிடுகிறது. இங்கே திரும்பி வந்த ஓசையில் கூர்மை இல்லை. ஆள் இருக்கும் இடத்தின் ஓசை அது.

"அக்கா, கை தட்டாதீங்க."

வாசலுக்கு வெளியே, பாறை விளிம்பின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரப் பெண் சொன்னாள். சீருடைச் சட்டை, மடியில் பிஸ்கட் பொட்டலம், காதில் போன். போனில் பேசிக்கொண்டிருந்ததையும் கிசுகிசுப்பாகத்தான் பேசினாள்.

"ஏன்மா? போர்டு எதுவும் இல்லையே."

"சத்தம் போடக் கூடாதுக்கா."

"வௌவால் கலையும்னா?"

"இங்க வௌவால் வராது."

அது உண்மை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதே குன்றில் மேலே பார்த்த ஒவ்வொரு குகையிலும் வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைப் பிடுங்கியது. இங்கே இல்லை. அலமாரிக்குள் வெகுநாள் மடித்து வைத்த துணியின் வாடை மட்டும் மெல்லியதாக.

"மத்த குகையிலெல்லாம் இருக்கே. இங்க மட்டும் ஏன் வராது?"

"அத வௌவால்கிட்டதான்கா கேக்கணும்."

"சரி, நீ ஏன் குசுகுசுன்னு பேசற? தொண்ட கட்டிருக்கா?"

"இல்லக்கா. இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து பழகிடுச்சு." அந்தப் பெண் பிஸ்கட்டைக் கடிக்காமல், வாயில் ஊறவைத்து மென்றாள். "சார் முடிச்சிட்டாரா? மழ வருது. கூட்டிட்டு வந்துடுங்க."

"நீயும் கொஞ்சம் வாயேன், டார்ச் அடிக்க."

"என் டியூட்டி வெளியிலதான்கா."

அவள் முகத்தைப் பார்க்காமலேயே அந்தப் பெண் இதைச் சொன்னாள். அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஆட்களை வரவழைக்க ஒரு கதை கட்டிவிடுவது கஷ்டமான காரியம் இல்லை. ஒரு மைக்கை ஒளித்து வைத்து, பிடித்த ஓசையைத் தூணுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் வழியாகச் சற்றே முன்கூட்டி விட்டால் போதும். மண்டபத்துக்கே பேய் பிடித்த மாதிரி இருக்கும். அவளே அரை நாளில் செய்து தருவாள். அப்படியானால் எங்கேயாவது வயர் இருக்க வேண்டும்.

வயரைத் தேடிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசல் வெளிச்சம் சாம்பலாகி, தரையிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. இப்படிப்பட்ட மண்டபத்தைக் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் குடைவார்கள். சாரம் கட்ட வேண்டாம், இன்னும் குடையாத பாறையே நின்று வேலை செய்யும் மேடை. அதனால் மேலே மரச்சட்டம் போல இழைத்த கல் விலாக்கள் வழவழப்பாக இருந்தன, காலடியில் தரை கரடுமுரடாக இருந்தது. தூண்களின் பின்புறத்தையும் அவற்றின் அடியையும் போன் வெளிச்சத்தில் பார்த்தாள். வயர் இல்லை. துளை இல்லை. புதுப் பூச்சு எதுவும் இல்லை. பாதி தூரம் வந்ததும் போனை அணைத்துவிட்டு ஒரு தூணோடு ஒட்டி நின்றாள். மெதுவாகத் தட்டினாள்.

எதிரொலி முன்பைவிடச் சீக்கிரம் வந்தது. சரிதான், அவளும் முன்னே வந்திருக்கிறாள்.

நகராமல் இன்னொரு தட்டு.

இன்னும் சீக்கிரம்.

கால் விரல்களைத் தரையில் அழுத்திக்கொண்டாள். தான் நகரவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். சுவர் நகராது. கை தானாகவே இன்னொரு முறை தட்டியது. எதிரொலி மேலும் முந்திக்கொண்டு, மேலும் மந்தமாக, பஞ்சில் பொதிந்ததுபோல வந்தது. தொலைவில் மஞ்சள் புள்ளி அணைந்தது. உடனே மறுபடி தெரிந்தது. விளக்கு அணைந்து எரிந்த மாதிரி இல்லை. யாரோ அதன் குறுக்கே கடந்த மாதிரி.

அவள் மூச்சை அடக்கினாள். மழை வெளியே வெகுதூரத்தில் பெய்வதுபோலக் கேட்டது. துணி வாடை கூடியிருந்தது. காலடி ஓசை இல்லை. எதுவுமே இல்லை.

இரைந்து பேசாத பெண். ஊறவைத்து மெல்லும் பிஸ்கட். வராத வௌவால்கள், கத்திக்கொண்டே பறக்கும் பிராணிகள் அவை. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து இடத்தில் பொருந்தின. இது ஓசையைத் தேடி வருகிறது. தட்டித் தட்டி அவள்தான் இதைத் தன்னை நோக்கி வரவழைத்திருக்கிறாள். அப்படியானால் பேசாமல் நிற்க வேண்டும். சத்தமில்லாமல் நடந்துபோய் அவர் தோளைத் தொட வேண்டும். வாயில் விரல் வைத்துக் காட்டி, இழுத்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது அவர் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

வரைவதில் மனம் தோய்ந்துவிட்டால் அவர் அப்படித்தான். பாட்டென்று சொல்ல முடியாது, மூக்கால் ஒரு நீண்ட இழுப்பு, சுதியே இல்லாமல். தான் ஓசை எழுப்புவது அவருக்கே தெரியாது. வீட்டில் அவள் அதைக் கிண்டல் செய்வாள், அவர் நம்பவே மாட்டார். கல் மண்டபம் அந்த இழுப்பை வாங்கிப் பெரிதாக்கித் தூண் தூணாகக் கொண்டுவந்தது.

அவள் முன்னாலிருந்த காற்று லேசானது. துணி வாடை விலகியது.

தட்டினாள். எதிரொலி மெதுவாக, நிதானமாக, மண்டபத்தின் மீதி நீளத்துக்கு வர வேண்டிய நேரத்தில் வந்தது. இங்கே வந்ததிலிருந்து முதல்முறையாகக் கணக்கு சரியாக இருந்தது. ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் புரிந்தது. ஓசையில் கூர்மை இல்லை. பட்டது சுவரில் இல்லை. அது கடைக்கோடிக்கே போய்விட்டது.

மஞ்சள் புள்ளியின் ஒரு பக்கம் மங்கியது.

"என்னங்க!" என்று கத்தினாள். பயனில்லை என்று தெரிந்தே கத்தினாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. ஓடினாலும் அதற்குள் போய்ச் சேர முடியாது.

ஆகவே தட்டினாள். பலமாக. உள்ளங்கை எரிய.

விளக்கு முழுதாகத் தெரிந்தது.

இன்னொன்று. எதிரொலி வரும் நேரம் சற்றுக் குறைந்தது. பின்னால் ஓர் அடி வைத்தாள். தட்டினாள். இன்னும் குறைந்தது. வருகிறது. வரட்டும். வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டால்? தட்டல். வெளியே ஓடிவிட்டால்? ஓடினால் தட்டல் நிற்கும். முணுமுணுப்பு நிற்காது. அவர் உள்ளே தனியாக. தட்டல். இன்னும் பக்கத்தில். முதுகில் தூண். கல்லின் குளிர். தட்டல். துணி வாடை. தட்டல்.

எதிரொலி இல்லை.

மறுபடி தட்டினாள். இல்லை. கையின் ஓசை மட்டும், மொட்டையாக.

போய்விட்டது. கைகளைக் கீழே தொங்கவிட்டாள். கடைக்கோடியில் முணுமுணுப்பு நின்றது. கல்லில் அவருடைய வண்ணப்பெட்டி உரசியது. அவர் எழுந்து விளக்கைக் கையில் எடுத்திருக்க வேண்டும்; கூரையின் விலாக்கள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்தன. அவர் வருகிறார். இடப்பக்கத் தூண்கள் தெரிந்தன. வலப்பக்கத் தூண்கள் தெரிந்தன.

நடுவில் விளக்கு தெரியவில்லை.

வெளிச்சம் இரண்டு பக்கமும் ஒழுகி வந்தது. நடுவே நெட்டுக்கு ஒரு கறுப்பு. அதன் விளிம்பில் மட்டும் நூல் நூலாக மஞ்சள்.

"கைதட்டி," என்றார் அவர் அந்தக் கறுப்புக்குப் பின்னாலிருந்து, காது கேட்காதவர்களின் உரத்த குரலில். "உன் முன்னாடி நிக்கறது யாரு?"

கறுப்பின் மேல்பாகம் அந்தக் குரலின் பக்கம் திரும்பத் தொடங்கியது. அவள் கைகளைத் தூக்கினாள். தட்டினாள். அது திரும்பாமல் நின்றது.

படுக்கையறையில் யாருக்கும் எதிரொலி கேட்பதில்லை. சுவர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்தில் இருக்கிறது. போன ஓசையும் வந்த ஓசையும் ஒட்டிக்கொள்வதால் காது அவற்றை ஒன்றாகக் கேட்டுவிடுகிறது. இங்கேயும் அதுதான். எதிரொலி நிற்கவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது. போய்வர இடைவெளிதான் இல்லை.