மூன்றாம் நாற்காலியில் யார்?

தலைவர் தம்புசாமிக்கு மொத்தம் ஏழு பட்டங்கள். அவற்றில் மூன்றை அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டார். மற்ற நான்கையும் கொடுத்தவர்களுக்கு அவர் விருந்து வைத்தார்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு கோவில் திருவிழாவுக்கு அவர்தான் தலைவர். 1998ஆம் ஆண்டுத் திருவிழாவில் அவர் செய்த புதுமை, கோவில் வாசலில் உயரமாக நின்ற மின்பலகை. சிவப்பு விளக்குகளால் ஆங்கில எழுத்துகள் எரியும். கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகளின் பெயரை அதில் காட்டினால், பெற்றோர் பார்த்து வந்து அழைத்துப் போகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தலைவரின் பெயரையும் காட்ட வேண்டும். இரண்டாவது ஏற்பாடு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பலகைக்குச் செய்தி அனுப்பும் கணினி நிரலை எழுதியவள் ரமணி. கிள்ளானில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்ப்பவள். திருவிழாவின்போது மூன்றாம் கூடாரத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கூடவே அவள் தங்கை சீதாலெட்சுமி. வயது பதினொன்று. காணாமல் போன பிள்ளைகளின் அழுகையை நிறுத்துவது அவள் வேலை.

முதல் நாள் தலைவர் பொத்தானை அமுக்கித் தொடங்கி வைத்தார். ஏழு பட்டங்களும் பெயரும் எரிய வேண்டிய பலகையில் 'டி' என்ற ஒரே ஆங்கில எழுத்து எரிந்தது. அவ்வளவுதான் செய்தி போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது.

ரமணி அன்றே காரணத்தைக் கண்டுபிடித்துத் தங்கைக்கும் சொன்னாள். "என் புது நிரல் ஒவ்வொரு எழுத்துக்கும் ரெண்டு நாற்காலி போடுது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒண்ணு போதும், ரெண்டாவது காலியா கிடக்கும். பலகையோட வந்தது பழைய நிரல். காலி நாற்காலியைப் பார்த்தா பேரு முடிஞ்சிருச்சின்னு எழுந்து போயிரும்."

புதியது கொடுப்பதைப் பழையதற்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்க ஒரு வழி செய்தாள். பெயர்கள் முழுதாக எரிந்தன.

இரண்டாம் நாள் மதியம் ஒன்று பத்துக்கு விஜயன் வந்தான்.

ஐந்து வயது. ஒரு காலில்தான் செருப்பு. டெங்கில் என்ற ஊரின் தோட்டத்திலிருந்து வாடகைப் பேருந்தில் அம்மாவோடு வந்தவன். அந்தப் பேருந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டதற்கு, மஞ்சள் சேலை என்றான். சீதா வெளியே எட்டிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மஞ்சள் சேலைகள்.

"ஒலிபெருக்கியில சொல்லிரலாம்க்கா," என்றாள்.

விஜயன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "எங்கம்மாவுக்குக் காது கேக்காது. ஆனா பேரு படிப்பாங்க."

ரமணி உடனே பெயரைத் தட்டினாள். வெளியே, தலைகளுக்கெல்லாம் மேலே, எழுத்துகள் எரிந்தன: விஜயன், கூடாரம் 3.

சீதா அவனை மூன்றாம் எண் ஒட்டிய சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்தாள். இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வரவில்லை. பலகையைப் பார்த்தபோது அங்கே விஜயன் இல்லை. 'வருக வருக தலைவர் தம்புசாமி' என்று எரிந்துகொண்டிருந்தது.

ரமணி மறுபடி பெயரை அனுப்பினாள். விஜயன் என்று எரிந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வருக வருக.

"தலைவர் பேரு இப்ப வரவேண்டிய நேரமே இல்லையே," என்று முணுமுணுத்தாள் ரமணி. திரையில் வரிவரியாகத் தேடினாள். மணி ஒன்று இருபத்தைந்து.

விஜயனின் உதடு துடிக்கத் தொடங்கியது. ரோஸ் சிராப் வாங்கி வருவதாகச் சொல்லி, அந்த நாற்காலியை விட்டு அசையக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சீதா ஓடினாள். தண்ணீர்ப் பந்தலில் பெரிய வரிசை. பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழல் செருகி, ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார்கள். சிந்தாமல் திரும்பி ஓடி வந்து, மூன்றாம் நாற்காலியின் முன் நின்று பையை நீட்டினாள்.

நாற்காலியில் தலைவர் தம்புசாமி உட்கார்ந்திருந்தார்.

அதே நாற்காலிதான். முதுகில் மூன்றாம் எண் தாளும் அப்படியே இருந்தது. ஆள் மட்டும் வேறு.

தலைவர் பையை வாங்கிக்கொண்டார். நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டு உறிஞ்சத் தொடங்கினார்.

சீதா கூடாரம் முழுக்கத் தேடினாள். மேசைக்கு அடியில் இல்லை. துணித் திரைக்கு அந்தப் பக்கம் இல்லை. கூடாரத்துக்குப் பின்னால், காணாமல் போன குடைகளுக்கும் ஒற்றைச் செருப்பு மூட்டைக்கும் நடுவே, கவிழ்த்த பெட்டியின்மேல் விஜயன் உட்கார்ந்திருந்தான். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். "நான் அசையல அக்கா, அவங்கதான் தூக்கிட்டாங்க," என்றான்.

தூக்கியவர் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர் கார்த்திகேசு. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"தலைவர் வராரு, முன்னால சுத்தமா இருக்கணும்னு உத்தரவு லா. பையனைப் பத்திரமா பின்னால மாத்தி வச்சேன். தொலைச்சா போட்டேன்?"

"எனக்குச் சொல்லலையே அண்ணே. நான் அந்த நாற்காலிக்குத்தான் போனேன்."

"நீ நாற்காலியை ஞாபகம் வச்சா நான் என்ன செய்யட்டும்?"

சீதாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அடுத்த நொடியே வேறு ஏதோ தோன்றியது. அந்தக் கேள்வியை மனத்துக்குள் திருப்பிப் போட்டபடி, விஜயனின் கையைப் பிடித்துக்கொண்டு கணினிக்கு ஓடினாள். திரையின் மூலையில் சின்னத் துடைப்பப் படம் ஒன்று வந்து மறைந்தது. வெளியே, ரமணி மறுபடி அனுப்பியிருந்த விஜயன் மறைந்து தலைவர் எரிந்தார். இதற்கு முன்னும் துடைப்பம் வந்த பிறகுதான் பெயர் மாறியது என்று அவளுக்கு நினைவு வந்தது.

"அக்கா, அந்தத் துடைப்பம் என்னா?"

நிரல் தானாகவே அவ்வப்போது சுத்தம் செய்யும் என்றாள் ரமணி. வேண்டாததை எறிந்துவிட்டு, வேண்டியதை நெருக்கி நகர்த்தி வைத்து, இடத்தைக் காலி செய்யும். அப்போது தெரிவதற்காக அவள் வைத்த படம் அது.

"பலகைக்கு நீ பேரைக் குடுக்கிறியா, பேரு இருக்கிற இடத்தைக் குடுக்கிறியா?"

"இடத்தோட நம்பரைத்தான். பழைய நிரல் அப்படித்தான் கேக்கும். அந்த நம்பருக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் படிச்சிக்கும்."

"சுத்தம் பண்றப்ப பேரை வேற இடத்துக்கு மாத்தினா, அந்தப் பழைய நிரலுக்கு யாரு சொல்லுவா?"

ரமணியின் விரல்கள் நின்றன.

"யாரும் சொல்லமாட்டாங்க," என்றாள் மெதுவாக. "என் நிரலுக்குத் தெரியும். பழைய நிரலுக்குத் தெரியாது. அது பழைய இடத்துக்கே போகும். அந்த இடத்துல..."

"தலைவர் உக்காந்திருப்பாரு," என்றாள் சீதா.

சிராப் உறிஞ்சிக்கொண்டிருந்த தலைவர் தம்மைப் பற்றிய பேச்சு என்று நிமிர்ந்து பார்த்தார்.

திருத்தத்துக்கு இரண்டு மூன்று வரிகள் போதும். பலகை படித்து முடிக்கும்வரை அந்தப் பெயரை நகர்த்தாதே, அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று நிரலுக்குக் கட்டளையிட வேண்டும். ஆனால் அதற்குப் பலகையை ஐந்து நிமிடம் அணைக்க வேண்டும். மணி ஒன்று முப்பத்தைந்து.

தலைவர் எழுந்து நின்று கையை உயர்த்தினார். இன்னும் சிறிது நேரத்தில் மாவட்ட அதிகாரி வருகிறார், நான் வரவேற்புரை ஆற்றப்போகிறேன், இந்த நேரத்தில் பலகை இருண்டு கிடந்தால் திருவிழாவின் மானம் என்ன ஆகும் என்று கேட்டார். பலகையைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்.

அக்காவைப் பார்க்கச் சீதாவுக்குப் பாவமாக இருந்தது. சீதா தலைவரின் முன்னால் வந்து நின்றாள்.

"தலைவர் அங்கிள், உங்க பேரு கிள்ளான்ல எல்லாருக்கும் தெரியும். இவன் எங்க இருக்கான்னு இவங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியணும். அவங்களுக்குத் தெரியல."

இது புகழ்ச்சியா, வேறு ஏதாவதா என்று தலைவருக்கு விளங்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் ரமணி பலகையை அணைத்துவிட்டாள்.

சீதா பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கொட்டை எழுத்தில் எழுதி, மூன்றாம் நாற்காலியின் முதுகில் ஒட்டினாள்: 'அம்மா வரும்வரை நகர்த்தக் கூடாது.' விஜயனை அதில் உட்கார வைத்தாள். கார்த்திகேசு தாளைப் படித்தார். நாற்காலியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

ஒன்று நாற்பத்திரண்டுக்குப் பலகை எரிந்தது. விஜயன், கூடாரம் 3.

சீதா பலகையைப் பார்க்கவில்லை. திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பம் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். துடைப்பம் போனது.

"இருக்கு," என்றாள் ரமணி வாசலில் நின்றபடி.

மறுபடி துடைப்பம். மறுபடி விஜயன். பலகைக்குக் கீழிருந்த மேடையில் தலைவர் பேசத் தொடங்கிவிட்டார். சிராப் பை இன்னும் கையில் இருந்தது. அவருக்கு நேர் மேலே விஜயன், விஜயன் என்று எரிந்துகொண்டிருந்தது. பேச்சு முடிந்ததும் மாவட்ட அதிகாரி பலகையை ஒரு முறை படித்துக்கொண்டு எழுந்து, அவர் கையைக் குலுக்கி, "தெரிமா காசே, என்சிக் விஜயன்," என்று மலாயில் 'திருவாளர் விஜயனுக்கு' நன்றி சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள்.

ஒன்று ஐம்பது. தெருக்கோடியில் பேருந்தின் ஹாரன் நீளமாக ஒலித்தது. விஜயன் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிக்கொண்டான். அம்மாவுக்கு அந்த ஹாரனும் கேட்காது என்று சீதாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு ஒரு மஞ்சள் சேலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது. கண் மேலே பலகையில். கையில் சின்ன ஒற்றைச் செருப்பு. கூடாரத்துக்குள் நுழைந்தவர் நேராக மூன்றாம் நாற்காலிக்குப் போய் மண்டியிட்டார். அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிவிட்டார்.

போகும்போது விஜயன் அம்மாவிடம் விரல்களால் ஏதோ சொன்னான். சீதாவைக் காட்டினான். ரமணியைக் காட்டினான். மேடையிலிருந்து வந்துகொண்டிருந்த தலைவரைக் காட்டி, குழலில் உறிஞ்சுவதுபோல் கன்னத்தை உள்ளிழுத்துக் காட்டினான். அம்மா தலைவரைப் பார்த்த பார்வைக்குப் பேச்சு தேவைப்படவில்லை. மிச்சமிருந்த பாதி சிராப்பைத் தலைவர் விஜயனிடம் கொடுத்துவிட்டார். இருவரும் பேருந்துக்கு ஓடினார்கள். ஹாரன் நின்றது.

சீதா நாற்காலியிலிருந்து தாளை உரித்தாள். "நான் எடுத்துட்டேன். நீயும் அந்தக் கட்டளையை எடுத்துரு அக்கா. இல்லாட்டி அடுத்த பிள்ளைக்கு இடம் இருக்காது."

ரமணி சிரித்துக்கொண்டே தட்டினாள். விஜயன் அணைந்தான். பலகை மறுபடி எரிந்தது: வருக வருக தலைவர் தம்புசாமி.

அன்னதானத்துக்கு மணி அடித்துவிட்டதால் வாசலில் கூட்டம் இல்லை. பலகைக்குக் கீழே ஒரே ஒருவர்தான் நின்று படித்துக்கொண்டிருந்தார். பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அவரும் சாப்பிடப் போனார்.