மிரளத் தெரியாத தீவு

அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய கெண்டியைத் தம்பி வெறுங்கையால் தூக்கினான். உள்ளங்கை பொசுங்கும் வாடை அந்தச் சின்னச் சமையலறை முழுக்கப் பரவியது. அவனோ இரண்டு கோப்பையிலும் நிதானமாகத் தேநீரை ஊற்றி முடித்துவிட்டுத்தான் கெண்டியைக் கீழே வைத்தான்.

"டேய், கை!" என்று அக்கா கத்தினாள்.

"ஆமாக்கா, சுட்டுருச்சு போல," என்றான், யார் கையையோ பற்றிச் சொல்வதுபோல.

மாதம் ஒருமுறை வரும் படகைத் தவிர எதுவும் கிட்டே வராத அந்தத் தீவில் அவர்கள் இருவர் மட்டும்தான். அவள் வானிலை நிலைய ஊழியர். காற்றையும் மழையையும் அளந்து வானொலியில் சொல்வது அவள் வேலை. தம்பி பறவை ஆய்வாளன். ஒரே வீட்டில் அடித்துக்கொண்டு வளர்ந்த இரண்டு பேரை ஒரே தீவில் கொண்டுபோய் விட்டவன் எவனோ, அவனுக்கு நல்ல மனசு என்று வழியனுப்பும்போது அம்மா சிரித்தாள்.

தம்பி வந்தது அந்த வெள்ளைப் பறவைகளுக்காக. உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை, வாத்தைவிடப் பெரியவை, வீட்டைச் சுற்றிய சரிவெங்கும் தரையிலேயே கூடு கட்டி உட்கார்ந்திருந்தன. என்றைக்கோ உடைந்து கரை ஒதுங்கிய கப்பலிலிருந்து இறங்கிய சுண்டெலிகள், தடுக்க ஆளில்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பெருத்து, இப்போது அணிலளவுக்கு வளர்ந்திருந்தன. வெளிச்சம் மங்கியதும் அவை புல்லுக்குள்ளிருந்து வந்து, குஞ்சுகளின் முதுகில் ஏறி, உயிரோடு கொறிக்கத் தொடங்கும். ஈரத்துணியை மெல்ல மெல்லக் கிழிப்பது போன்ற அந்தச் சத்தம் சன்னல் வழியே வந்துகொண்டே இருக்கும். குஞ்சு அசையாது. தாய்ப் பறவை பக்கத்திலேயே நின்று தன் இறகைக் கோதிக்கொண்டிருக்கும்.

"ஒரு கொத்துக் கொத்தினா எலி செத்துப்போகும். ஏன்டா சும்மா உக்காந்திருக்குதுங்க?"

"இதுங்கள வேட்டையாட இங்க எதுவுமே இருந்ததில்லக்கா. பயப்படறதும் உடம்புக்கு ஒரு செலவுதான். வேண்டாத செலவ உடம்பு நிறுத்திடும். பறக்கறதையே விட்டுட்ட பறவையெல்லாம் தீவுகள்ல இருக்கு. இதுங்க பயத்த விட்டுடுச்சு."

அவளால் விட முடியவில்லை. தினமும் பொழுது சாயும்போது மண்வெட்டியும் விளக்குமாகச் சரிவில் இறங்கி எலிகளை விரட்டினாள். தம்பி வாசலில் நின்று சிரிப்பான். "தனியாளா ஒரு தீவையே மிரட்டப் பாக்குறியேக்கா!" பிறகு சிரிப்பதை நிறுத்தினான். பறவைக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினான். கண்ணில் ஈ உட்கார்ந்தாலும் இமைக்காமல், கூட்டுப் பறவைகளைப் போலவே, நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அன்று மாலை காற்றுமானியைப் பார்த்துவிட்டு வந்தவள், நனைந்த பூட்ஸை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். விளக்கு ஏற்றியிருக்கவில்லை. ஈரப் புல்லின் வாடை. அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாடை. தம்பியின் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஈரத்துணி கிழியும் சத்தம்.

அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். சட்டை கறுத்திருந்தது. சட்டை அசைந்தது.

"கதவைச் சாத்துக்கா," என்றான். "குளிருது."

அவள் மண்வெட்டியால் அடித்தாள். எலிகள் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தன. ஒவ்வொன்றாக அடித்துத் தள்ளி, தம்பியைச் சமையலறைக்கு இழுத்துப் போய், அவன் முதுகைத் துணியால் இறுக்கிக் கட்டி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள். சமையலறை மூலையில் இருந்த வானொலியில் கூப்பிட்டாள். மாதப் படகு ஏற்கெனவே கிளம்பி விட்டது, விடியும்போது கரைக்கு வந்துவிடும் என்றார்கள்.

"எதுக்குக்கா இவ்வளவு அலட்டிக்கிற?"

"அம்மாகிட்ட உன்ன ஒப்படைக்கணும். அதுக்குத்தான். பேசாம இரு."

கதவைச் சுரண்டினார்கள். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, ஆட்கள் சுரண்டுவதுபோல. பொறுமையாக. அவசரமில்லாமல். கதவின் அடிப்பலகை மெலிந்துகொண்டே வந்தது.

சன்னல் வெளுத்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். நெஞ்சு படபடக்கவில்லை. கை நடுங்கவில்லை. பலகையில் விழுந்த ஓட்டையில் ஒரு மூக்கு தெரிந்தது. அது ஏதோ வேறு வீட்டில் நடப்பதுபோல இருந்தது. உட்கார்ந்திருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம்.

அந்தச் சுகத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு வந்தது. வெறுப்பு கோபமாகியது. பயம் போனால் போகட்டும். கோபத்தை எவனும் இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

போர்வையால் தம்பியைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். மண்வெட்டியை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

சரிவு முழுக்க எலிகளின் சாம்பல் நிறம். புல் தெரியவில்லை. பாதை தெரியவில்லை. கரையில் மட்டும் படகின் விளக்கு. நடுவே வெள்ளைப் பறவைகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கொத்துக் கொத்தாக எலிகள். எல்லாப் பறவைகளும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தன.

"தள்ளிப் போங்க சனியன்களா!"

எதுவும் தள்ளிப் போகவில்லை. அவற்றின் மேலேயே மிதித்து நடந்தாள். அடித்தாள். நடந்தாள். காலடியில் வெதுவெதுப்பு. கணுக்காலில் ஏதோ இழுபட்டது. விட்டது. இழுபட்டது. வலி இல்லை.

"அக்கா," என்றான் தம்பி காதருகே, சிறுபிள்ளைபோல. "உன் காலப் பாரேன்."

"வாய மூடு."

அவள் பார்க்கவில்லை. ஒரு கால் முன்பு மாதிரி ஊன்ற மறுத்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். நடந்தாள்.

கரையில் படகோட்டி கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தவனையும் பார்க்கவில்லை. அவள் முழங்காலுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. கயிறு கையிலிருந்து நழுவியது.

"கயித்தப் பிடிங்க," என்றாள் அவள். "நாங்க ஏறணும்."