உபயம்: சுடர்வாணன்

காலையில் கண் திறந்ததும் செங்கமலத்துக்கு முதலில் தெரிவது பக்கத்தில் படுத்திருக்கும் மகளின் முகம் அல்ல, சுடர்வாணனின் முகம். கை கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, "இந்தப் பார்வை உங்கள் சுடர்வாணனின் உபயம்" என்பார். ஐந்து நொடிகள் அவரைப் பார்த்தே தீர வேண்டும். அதன்பின் இரண்டு முறை இமைத்தால், சுருங்கிப் போய்ப் பார்வையின் வலது மூலையில் உட்கார்ந்துகொள்வார். பிறகுதான் அறை வரும், சுவர் வரும், மகள் வருவாள்.

செவ்வாய் கிரகத்துச் செம்புழுதிப்பேட்டையில் பதினோராயிரம் பேருக்கும் பொழுது இப்படித்தான் விடிந்தது. இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. வலது மூலை அவருக்குப் போய்விட்டதால், அந்தப் பக்கம் இருப்பதைப் பார்க்க எல்லாரும் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்கள். பத்து வருடத்தில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள், "என்ன பணிவான ஜனங்க!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவர்களுக்குக் கண் போனது புழுதியால். செவ்வாயின் புழுதி மாவைவிட நைசானது, உப்புக் கரிப்பது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களின் கண்ணை ஏழெட்டு வருடத்தில் அரித்துத் தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் குடியிருப்பின் கூரை முழுக்கப் புழுதிவலை போட்டிருந்தார்கள். அந்த வலை ஓட்டை. வலையைச் செய்து விற்றது சுடர்வாணனின் நிறுவனம். வழக்கு நடந்தது. வலையின் மேல் குற்றமில்லை, புழுதிதான் அளவுக்கு மீறி நைசாக இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு வந்த மறுவாரமே பதினோராயிரம் பேருக்கும் செயற்கைக் கண்ணான ஒளிவிழியை இலவசமாகப் பொருத்தப்போவதாக அவர் அறிவித்தார். ஜனங்கள் அழுதார்கள். அழக் கண்ணீர் மட்டும் அப்போது மிச்சமிருந்தது.

சுடர்வாணன் நடிகர். அதுவும் எப்பேர்ப்பட்ட நடிகர்! மற்ற நடிகர்களையெல்லாம் இயந்திரம் வரைந்து தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், ரத்தமும் சதையுமாக நடித்த கடைசி மனிதர். அவருக்கு வியர்க்கும் என்பதே பெரிய விளம்பரம். சண்டைக்காட்சியில் நெற்றியில் ஒரு துளி அரும்பினால் அரங்கம் எழுந்து ஆடும். முதலில் அந்த வியர்வையின் வாசனையில் ஒரு சோப்பு விற்றார். சோப்பிலிருந்து தண்ணீருக்குப் போனார், தண்ணீரிலிருந்து காற்றுக்கு. அறுபது வயதுக்குள் மூன்று கிரகங்களில் அவர் பெயர் போட்ட ஏதோ ஒன்றை மனிதர்கள் குடித்துக்கொண்டோ மூச்சுவிட்டுக்கொண்டோ இருந்தார்கள். அதற்கு மேல் ஒரு பணக்காரனுக்கு என்ன பாக்கி? தர்மம்தான். அதையும் தொடங்கினார். உபயப் படம் ஒளிவிழிக்குள் வந்தது அவருடைய சொந்த யோசனை. கோயில் குழல்விளக்கில் உபயதாரர் பெயரை வெளிச்சமே தெரியாத அளவுக்கு எழுதிவைக்கும் பரம்பரையில் வந்தவர், கண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பாரா?

இப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. ஒரே ஒரு கவலை.

"மூர்த்தி, ஜனங்க என்னை மறந்துட்டாங்களாடா?"

நடேசமூர்த்தி முப்பது வருடமாக அவருக்கு மேலாளர். இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்வதும் அவருடைய வேலைகளில் ஒன்று.

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? செம்புழுதிப்பேட்டையில ஒரு ஆளு ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை உங்களைப் பாக்கறான். பெத்த தாயைக்கூட யாரும் அவ்வளவு பாக்க மாட்டாங்க."

"அது மெஷின் சொல்றது. நான் கேக்கறது கைதட்டல். போன மாசம் கல்யாணத்துக்குப் போனேனே, ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? சாகறதுக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பாத்ததும் கூட்டம் கத்தறதை என் காதால கேக்கணும்."

இதைச் சொன்னபோது அவர் நடிக்கவில்லை. குரல் உடைந்தது. அவரிடம் அந்த நேரத்தில் இரக்கப்படாமல் இருக்க முடியாது.

ஒளிவிழி கொடுத்துப் பத்து வருடம் நிறைவதையொட்டி மூர்த்தி ஒரு திட்டம் போட்டார். "மாலை மேளம் எல்லாம் வேண்டாம்ணே. உங்களுக்குன்னு ஒரு என்ட்ரி வேணும். மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்துல ஐந்நூறு பேர் வரிசையில நிக்கறாங்க. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளிய புழுதி பறக்குது. அதுக்குள்ளேருந்து மெதுவா ஒரு உருவம். யாருன்னு பாக்கறாங்க. நீங்க! 'தலைவா'ன்னு ஒரு சத்தம். அவங்களே ஓடிவந்து கதவைத் திறந்து உங்களைத் தோள்ல தூக்கறாங்க. பறக்கும் கேமராவில மூணு கிரகத்துக்கும் நேரலை."

சுடர்வாணனுக்கு உடம்பு சிலிர்த்தது.

செவ்வாயில் காற்றுவாசலை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே இருப்பவர் யாராவது பிடியை இழுக்க வேண்டும். வண்டியோட்டி எத்திராஜ் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டான், "எதுக்கும் வாசல்கிட்ட நம்ம ஆள் ஒருத்தரை நிறுத்திவைக்கலாமா சார்?"

"சம்பளத்துக்குத் திறந்தா அது அன்பாய்யா?" என்றார் மூர்த்தி. "ஒரு ஆளுக்கும் சொல்லக் கூடாது. சொன்னா என்ட்ரியே போச்சு."

பிறகு கவச உடையைத் திருத்தும் வேலை நடந்தது. வழக்கமான தலைக்கவசத்தில் முகம் தெரியாது, எனவே முழுக்கத் தெளிவான கண்ணாடி போட்டார்கள். தொலைபேசிக் கருவியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முகத்துக்கு ஒளி அடிக்கும் சின்ன விளக்கைப் பொருத்தினார்கள். இரண்டு மணி நேரக் காற்றுக்கலன் முதுகில் கூன் போல் துருத்தியது. அதை எடுத்துவிட்டு இருபது நிமிடக் கலனை வைத்ததும் அண்ணன் இளமையாகத் தெரிந்தார்.

எத்திராஜ் அவரைக் கண்ணாடிச் சுவருக்குச் சற்றுத் தள்ளி இறக்கிவிட்டான். வண்டி படத்தில் விழக் கூடாது என்பதால், அரை மணி கழித்து வரச் சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். மூர்த்தி பக்கத்துக் குடியிருப்பில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சுடர்வாணன் புழுதியிலிருந்து வெளிப்பட்டார். நடை, தோள், பார்வை எதிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கண்ணாடியை நெருங்கிக் கை கூப்பிச் சிரித்தார்.

உள்ளே வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஐந்நூறு தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அந்தப் பணிவைக் கண்டு அவர் நெஞ்சு நிறைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

ஒளிவிழியைப் பற்றி ஒரு விஷயம் அவர் மறந்திருந்தார். காலியான சுவரோ கண்ணாடியோ எதிர்ப்பட்டால், இடம் வீணாகாமல் அதில் உபயதாரரின் முழு உருவத்தைக் காட்டும்படி அவர்தான் செய்யச் சொல்லியிருந்தார். அதே கை கூப்பல், அதே சிரிப்பு. பத்து வருடமாக அந்தக் கூடத்தில் சாப்பிடுகிறவர்கள் அந்தக் கண்ணாடியில் அவரைப் பார்க்காத நாளே இல்லை.

கண்ணாடிக்கு மிக அருகில் தட்டோடு நின்றவள் செங்கமலம். அவரை நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு முறை இமைத்தாள். அவர் போகவில்லை. இன்னும் இரண்டு முறை இமைத்தாள்.

"மேரி, உனக்குப் போகுதா? எனக்கு இன்னிக்கு எத்தனை தடவை இமைச்சாலும் போக மாட்டேங்குது."

பின்னால் நின்ற லூர்துமேரியும் இமைத்துப் பார்த்தாள். "எனக்கும் போகலைக்கா. கையெல்லாம் ஆட்டறாரு பாரு. புதுசா மாத்திட்டாங்க போல."

பத்து நிமிடம் ஆயிற்று. சுடர்வாணனின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. கண்ணாடியைத் தட்டினார். பிறகு இரண்டு கையாலும் அறைந்தார். ஒரு சாண் தடிமன் கண்ணாடி, ஒலி உள்ளே போகவில்லை. காற்றுவாசலைக் கை காட்டினார், பிடியை இழுப்பது போல் அபிநயம் பிடித்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றாள் மேரி. "மூச்சு முட்டற மாதிரியே இருக்கு."

"அந்தக் காலத்துலயே சாகற சீன்னா பின்னி எடுப்பாருடி. எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டா."

பதினேழாவது நிமிடம், கண்ணாடியில் படிந்த புழுதியில் விரலால் பெரிதாக 'காற்று' என்று எழுதினார். உள்ளேயிருந்து இடம் வலம் மாறித் தெரிந்தாலும் எல்லாருக்கும் புரிந்தது.

"அடுத்து காத்தையும் இலவசமாக் குடுக்கப் போறாரு," என்றாள் செங்கமலம். "அதுல எங்க ஒட்டுவாரோ மூஞ்சியை!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு, சாப்பிடும்போது இதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று யாரோ சொல்ல, எல்லாரும் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். தான் உயிரோடு இருப்பதை ஒருவருக்காவது எப்படி நம்பவைப்பது என்று கடைசி இரண்டு நிமிடமும் அந்த முதுகுகளைப் பார்த்தபடி அவர் யோசித்திருக்க வேண்டும். நேரலையில் மூன்று கிரகங்களிலும் நாற்பது கோடிப் பேர் அதை நடிப்பென்று நினைத்துப் பார்த்துக் கைதட்டினார்கள். மூர்த்தியும் திரை முன் எழுந்து நின்று, "அண்ணன் பின்றாருய்யா!" என்று கைதட்டினார். அவ்வளவு பெரிய கைதட்டல் சுடர்வாணனுக்கு அவருடைய வாழ்நாளில் கிடைத்ததில்லை. அது எதுவும் அவர் காதில் விழவில்லை.

எத்திராஜ் சொன்னபடி சரியாக அரை மணியில் திரும்பி வந்தான்.

விசாரணை நடந்தது. ஐந்நூறு சாட்சிகளும் அவரைப் பார்த்ததாகவே சொன்னார்கள். தினமும் பார்க்கிறோமே என்றார்கள். பொய் சொன்னதாக யார் மேலும் வழக்குப் போட முடியவில்லை.

உடலைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பதினோராயிரம் பேரும் ஆறு மணி நேரம் வரிசையில் நின்று பார்த்தார்கள். உயிரோடு வந்தவருக்கு ஒரு கதவைத் திறக்காதவர்கள், செத்தவரைப் பார்க்க முண்டியடித்தார்கள். துக்கத்தின் அடையாளமாக அன்று ஒரு நாள் மட்டும் உபயப் படத்தை நிறுத்திவைக்கும்படி மூர்த்தி உத்தரவிட்டிருந்தார்.

பத்து வருடத்துக்குப் பிறகு வலது மூலை திறந்தது. செங்கமலம் தன்னை அறியாமல் கழுத்தை நிமிர்த்தினாள். கூடம் இவ்வளவு பெரிதா? பக்கத்தில் மகள் திலகா நின்றாள். தலையைச் சாய்க்காமலே அவள் முழுதாகத் தெரிந்தாள். எப்போது தன் தோளைத் தாண்டி வளர்ந்தாள் என்று செங்கமலத்துக்குப் புரியவில்லை. மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வரிசை முழுக்க இதே கதை. கணவன் மனைவியைப் பார்த்து அழுதான், அண்ணன் தம்பியைப் பார்த்து அழுதான்.

மூர்த்தி அதைத் திரையில் பார்த்தார். பதினோராயிரம் பேர் கேவிக் கேவி அழும் சத்தம். "பாத்தியா எத்திராஜ், எவ்வளவு அன்பு! இது தெரியாமப் போயிட்டாரே மனுஷன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளையிலிருந்து படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, மாலை போட்டு, ஊதுவத்திப் புகையோடு காட்டச் சொல்லி உத்தரவிட்டார். ஐந்து நொடி, பத்து நொடியாயிற்று. செம்புழுதிப்பேட்டையில் யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. செத்துப்போனவர் படத்தை எடு என்று எந்த வாயால் சொல்வது?