கடிகாரத்தை மறைத்தவன்

மழை பிடித்துக்கொண்ட நேரமாகப் பார்த்துத்தான் அவன் உள்ளே நுழைந்தான். சொட்டச் சொட்ட நனைந்து, வரைபலகையையும் அதை வைக்கும் ஸ்டாண்டையும் இழுத்துக்கொண்டு...

ஓவிய வகுப்பு தொடங்கியிருந்தது. நடுவில் மேடை, மேடையில் நாற்காலி, நாற்காலியில் அவள். நீல உடையில், கன்னத்தில் கைவைத்து, அசையாமல். சுற்றிலும் எல்லோரும் கரிப் பென்சிலால் அவளை வரைந்துகொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே இடத்தில் அவன் ஸ்டாண்டை ஊன்றினான்... அவளுக்கு நேர் எதிரே, சுவர்க் கடிகாரத்தை மறைத்து!

போச்சுடா, என்றது அவள் மனம்.

மாடலாக உட்கார்கிறவர்கள் பார்வையை ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கண் நகர்ந்தால் தலை நகரும். தலை நகர்ந்தால் அத்தனை பேர் படமும் பாழ். அவளுக்கு அந்த இடம் கடிகாரம். இப்போது அங்கே இரண்டு கண்கள். இமையில் மழைத்துளி தொங்க, அவளையே பார்க்கிற கண்கள்...

வேறு வழியில்லை. அவளும் பார்த்தாள்.

நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதிலிருந்து, அம்மா முதல் தபால் அலுவலகத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் வரை எல்லோர் கண்ணிலும் ஓர் 'ஐயோ பாவம்'. இந்த அறையில் மட்டும்தான் அது கிடையாது. மூக்கு எவ்வளவு நீளம், நிழல் எங்கே விழுகிறது... அவரவர் கவலை அவரவர்க்கு. அதற்காகவே சனிக்கிழமைதோறும் வந்தாள். இவனோ அவள் கண்ணை வரைந்தான், அழித்தான், உதட்டைக் கடித்தான், மறுபடி பார்த்தான். நம் கண்ணுக்காக ஒருத்தர் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இடைவேளையில் அவனே வந்து நின்றான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க... என்னையே பாத்துட்டிருந்தீங்களே, மூஞ்சில கரி ஏதாவது ஒட்டியிருக்கா?"

மூக்கு நுனியில் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் வீம்பு முந்திக்கொண்டது.

"உங்கள யாரு பாத்தா? எப்ப முடியும்னு மணி பாத்தேன். நீங்கதான் நந்தி மாதிரி மறைச்சுக்கிட்டு..."

"ஓ... சாரிங்க." அவன் முகம் வாடிப்போனது.

அடுத்த சனிக்கிழமை அவன் முன்னதாகவே வந்து ஓரமாக இடம் பிடித்துக்கொண்டான். கடிகாரம் பளிச்சென்று தெரிந்தது. அவள் கண்தான் அதில் நிற்க மறுத்தது. ஓரத்துக்கு ஓடியது... இழுத்து வந்தாள்... மறுபடி ஓடியது.

"பார்வை எங்கம்மா போகுது? தலை திரும்பிடுச்சு பாரு!" என்றார் டீச்சர்.

அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு தடவை ஆசைப்பட்டு அவமானப்பட்டது போதாதா? இன்றோடு இந்த வேலைக்கு முழுக்கு என்று முடிவு கட்டினாள். இடைவேளையில் அதைச் சொல்ல டீச்சரிடம் போனவளை அவன் வழிமறித்தான்.

"ஒரு நிமிஷம்... அந்தக் கடிகாரம் ஓடவே இல்லையே?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவள் நின்றாள்.

"போன வாரம் அதுக்கு முதுகைக் காட்டி நின்னதால கவனிக்கல. நின்னு ரொம்ப நாளாச்சாமே... அப்ப நீங்க மணி பாத்தது?"

"முள்ளு நகராதுன்னுதான் எப்பவும் அதைப் பாப்பேன்." அவள் குரல் உடைந்தது. "போன வாரம் உங்களத்தான் பாத்தேன், போதுமா? எனக்குக் கல்யாணம் நின்னுபோச்சுங்க. அப்பறம் எல்லாரும் பாவமாத்தான் பாக்கறாங்க. நீங்க, இந்தக் கண்ணு எப்படியாவது சரியா வரணுமேன்னு பாத்தீங்க. நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன்... சண்டைதான் வந்துச்சு."

அவன் கண் கலங்கச் சிரித்தான்.

"நன்றி நான்தாங்க சொல்லணும். நான் பல் டாக்டர். நாற்காலில உக்காந்ததுமே எல்லாரும் கண்ண இறுக்கி மூடிப்பாங்க. கண்ணத் தொறந்து, பயப்படாம, என்னைப் பாத்த முதல் ஆள் நீங்கதான். வாரம் பூரா அந்தப் பார்வையோடதான் திரிஞ்சேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்குங்க..."

அழுகையும் சிரிப்பும் அவளுக்கு ஒன்றாக வந்தன. "மூக்குல... இன்னிக்கும் கரி இருக்கு."

இடைவேளை முடிந்தது. அவன் ஸ்டாண்டைத் தூக்கி வந்து பழைய இடத்திலேயே ஊன்றினான். அவள் மேடையேறிக் கன்னத்தில் கைவைத்தாள்.

"என்னப்பா, மறுபடியும் கடிகாரத்த மறைக்கிறியே! அவ எதைப் பாப்பா?" என்று அதட்டினார் டீச்சர்.

அவள் தலையை அசைக்கவில்லை.

"மறைக்கட்டும் டீச்சர்," என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. "நான் இவரையே பாக்கறேன்."